கை போகிற வண்டி: தலைமுறை ஒப்பீடு பற்றிச் சில குறிப்புகள்

1

பழையதா புதியதா என்ற கேள்வி நமக்குப் பழகிப்போன ஒன்று. பட்டிமன்ற மேடையில் தொடங்கி இலக்கியக் கூட்டங்கள்வரை இதை வைத்துத்தான் காலத்தை ஓட்டியிருக்கிறோம். இரண்டு பக்கமும் பேசி முடித்தபின் நடுவர் எழுந்து இரண்டும் இரண்டு கண்கள் என்பார். கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் பழைய, புதிய தலைமுறைகளை ஒப்பிட்டு எழுதப்படுகிறவற்றை வாசிக்கும்போது இந்த மேடை ஞாபகம்தான் வருகிறது. பழையதில் உயிர் இருந்தது, புதியதில் வேகம் இருக்கிறது. பழையது ஓட்டுகிறவனைச் சோதித்தது, புதியது அவனைக் காப்பாற்றுகிறது. முதல் பத்தியிலேயே தீர்ப்பு தெரிந்துவிடுகிறது.

இன்னொரு வகை ஒப்பீடும் உண்டு. டிரம்ப் கார்டு விமர்சனம் என்று அதைச் சொல்லலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் சீட்டு. சீட்டுக்கு ஒரு கார், படத்துக்குக் கீழே சிசி, குதிரைத்திறன், உச்ச வேகம். எண்ணைச் சொல்லவேண்டும், பெரிய எண் ஜெயிக்கும், தோற்றவன் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் புதியது ஜெயித்துக்கொண்டே இருக்கும். எண் கூடாமல் யாரும் புதிய கார் விற்க வரமாட்டார்கள்.

உயிர் என்று பேசுகிற சொல்லாடலும் எண் என்று பேசுகிற சொல்லாடலும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரு கேள்வியைத் தள்ளிவைக்கின்றன. புதிய தலைமுறைக்குள் பழைய தலைமுறை உட்கார்ந்துகொண்டு என்ன வேலை செய்கிறது? அந்த வேலை யாருடைய கையால் நடந்தது, யாருடைய கைக்கு எட்டுகிறது? இதை இரண்டு சாலைகளை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் பக்கமாக லம்போர்கினிகளும் ஃபெராரிகளும் பறக்கிற சாலை. இன்னொன்று, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ஜி.எஸ்.டி. ரோடு. இத்தாலியக் கோடு விழுந்த கார்களை உள்ளூர்த் தொழிலாளிகள் செய்த ஒரு தொழிற்சாலை அங்கே வண்டலூர் பக்கம் இருந்தது. கார் மோகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு முதல் சாலை தெரியும். இரண்டாவது சாலையை யாரும் சொல்வதில்லை.

2

ஒப்பீட்டாளர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்: லம்போர்கினி கூன்டாச். பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தீனி வரைந்தது. 1971இல் ஜெனீவா கண்காட்சியில் மாதிரி வடிவம் வைக்கப்பட்டது. 1974 முதல் 1990 வரை சுமார் இரண்டாயிரம் கார்கள் செய்யப்பட்டன. ஆப்பு மாதிரி உடம்பு. மேல்நோக்கித் திறக்கிற கதவு. உலகம் முழுக்கப் பையன்களின் அறைச் சுவரில் ஒட்டப்பட்ட படம்.

இந்த வடிவத்தை வெறும் கவர்ச்சி என்று ஒதுக்கினால் தவறாக வாசித்தவர்கள் ஆவோம். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் நீளவாக்கில் முதுகுப்பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது, கியர்பாக்ஸ் அதற்கு முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே நீண்டுவருகிறது. அதனால் ஆள் உட்காரும் இடம் முன்னே தள்ளப்பட்டு மூக்கு குறுகிவிட்டது. உடம்பு அகலம், பக்கச் சட்டம் தடிமன். சாதாரணக் கதவு வைத்தால் பக்கத்தில் வண்டி நிற்கும் இடத்தில் இறங்கவே முடியாது. கதவு மேலே போனது. பின்பக்கம் பார்வையே கிடையாது. கதவைத் தூக்கிவிட்டு, பக்கச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டித்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். முதலில் வந்த கார்களில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் போல, கூரைவழியாகப் பின்னால் பார்க்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பார்வை கிடைப்பதற்காகக் கூரையில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டது. ஆக ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது, சிக்கலோடு மல்லுக்கட்டிய ஒரு கை இருந்தது. அழகு அந்த மல்லுக்கட்டில் விளைந்தது.

இனி 2021. அதே பெயரில், பின்னே எல்.பி.ஐ. 800-4 என்ற எண்ணோடு, 112 கார்கள் மட்டும் செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 6.5 லிட்டர் எஞ்சின், துணைக்கு மின் மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் விசை. முதல் கூன்டாச்சின் 375 குதிரைத்திறன் எண்ணூறைத் தாண்டிவிட்டது. டிரம்ப் கார்டு ஆட்டக்காரனுக்கு இதோடு வேலை முடிந்தது. வாசகனுக்கு இங்கேதான் தொடங்குகிறது. புதிய காரின் கூரையிலும் அந்தப் பள்ளத்தின் கோடு ஓடுகிறது. பெரிஸ்கோப் கிடையாது. பின்னால் பார்ப்பதற்கு அந்தப் பள்ளம் யாருக்கும் தேவையும் இல்லை. காரணம் போய்விட்டது, காரணத்தின் தழும்பு மட்டும் ஆபரணமாக மாறி உட்கார்ந்திருக்கிறது. குறிப்பான் இருக்கிறது, அது சுட்டுவது தன்னுடைய பழைய புகைப்படத்தை மட்டும்தான்.

ரொலான் பார்த் 1950களில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி எழுதியபோது அதை இடைக்காலத்துத் தேவாலயங்களோடு ஒப்பிட்டார். செய்தவர்கள் பெயர் தெரியாத பெரும் படைப்பு, ஒரு காலமே அதில் தன்னைப் பார்த்துக்கொள்கிறது என்ற பொருளில். ழான் போத்ரியார் 1968இல் வந்த தம் நூலில் அமெரிக்கக் கார்களின் வால் துடுப்பைப் பற்றிப் பேசினார்: வேகத்துக்கு உதவாமல் வேகத்தின் அடையாளமாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. 2021 கூன்டாச் இன்னும் ஒருபடி மேலே போகிறது. துடுப்பாவது வேகத்தைக் குறித்தது. இது கூன்டாச்சைக் குறிக்கிற கூன்டாச்.

இதை முதலில் எதிர்த்தவர் காந்தீனியே. அந்த ஆண்டே, இந்தக் காரில் தனக்குப் பங்கில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். முன்னால் செய்ததைத் திரும்பச் செய்யாமல் உடைத்துக்கொண்டு போவதே தன் வேலையின் அடிப்படை என்பது அவர் நிலை. 2024இல் அவர் இறந்துபோனார். தன் பிரதியைத் தானே மறுத்த ஆசிரியனாக அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

3

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற கார்கள் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஏழாம் நூற்றாண்டு முதல், நகராத ஐந்து வண்டிகள் நின்றுகொண்டிருக்கின்றன. ரதம் என்பதும் பாண்டவர் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. சக்கரம் கிடையாது. கல்லில் செதுக்கிய கோயில் வடிவங்கள் அவை. இங்கே எதற்கு இழுக்கிறேன் என்றால், காரணம் போனபின்னும் வடிவம் நிலைப்பது என்ற விஷயத்தை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் பிரதி நம் பக்கத்தில் இல்லை.

திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசைக் கூரை. பீம ரதத்தில் வண்டிக்கூண்டு மாதிரி வளைந்த நீளக் கூரை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைகிறது. பக்கத்திலேயே கல் யானையும் நிற்கிறது. அர்ச்சுன, தர்மராஜ ரதங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. மழை வழிந்து ஓடுவதற்காக ஓலைக்கு வந்த சரிவு கல்லுக்குத் தேவையில்லை. மரக்கூரையின் சாளரத்திலிருந்து வந்த கூடு என்ற வளைவு இங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. எதுவும் திறக்காது. சில கூடுகளுக்குள்ளே முகங்கள் எட்டிப் பார்க்கின்றன.

அப்படியானால் மாமல்லபுரத்துத் தச்சனும் சாந்த் அகதாவில் இருக்கிற லம்போர்கினி நிறுவனமும் செய்தது ஒன்றுதானா? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். வேறுபாடு ஐந்து என்ற எண்ணில் இருக்கிறது. அங்கே ஒரு கூரையை மட்டும் புனிதமாக்கித் திரும்பச் செதுக்கவில்லை. ஓலையும் மரமும் செங்கல்லும் அறிந்துவைத்திருந்த வடிவங்களை ஒவ்வொன்றாகக் கல்லுக்குக் கொண்டுவந்து, எது கல்லில் நிற்கும், எது வளரும் என்று பார்த்திருக்கிறார்கள். பல இடங்களில் வேலை முடியாமல் நிற்கிறது. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்ததால் அடிப்பகுதிகள் அரைகுறை. இந்தப் பயிற்சிக்குப் பிறகு கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில் வருகிறது, தமிழகத்து விமானங்களின் நீண்ட வரிசை வருகிறது. பழைய வடிவம் இங்கே ஒரு பாடமாகச் செயல்பட்டது, கதவைத் திறந்துவிட்டது. 112 கார்களோடு முடிந்துபோகிற மீட்பில் பழைய வடிவம் முத்திரையாகச் செயல்படுகிறது. முத்திரை குத்தினால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம்.

அதே ஊர்த் தெருவில் மாக்கல்லில் செதுக்கிய குட்டி ரதமும் விற்கிறது. சுற்றுலாக்காரர் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அதுவும் முத்திரைதானே என்று கேட்டால், ஆமாம், சரக்குதான். ஆனால் அதைச் செதுக்கியவர் மறுநாள் காலையில் உளியும் கட்டிங் மெஷினுமாகப் பெரிய கருங்கல்லில் உட்காரக்கூடியவர். சரக்குக்கு வெளியே கைக்கு ஒரு வாழ்க்கை மிச்சம் இருக்கிறது.

4

இப்போது இரண்டாவது சாலை. சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. பிரிட்டனில் 1959இல் வந்த இந்தக் காரை வரைந்தவர் துரினைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கேலோட்டி. அந்தக் காலத்து இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு உடம்பு வரைந்த கை. நம் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்தக் குட்டி வண்டியின் கூர்மையான விளிம்புகளில் இருந்தது துரின் நகரத்துக் கோடு.

ஹெரால்டின் அமைப்புக்கும் ஒரு சிக்கல்தான் காரணம். உடம்பை ஒரே கூடாக அச்சடித்துக் கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டியாளர் வாங்கிவிட்டதால், பிரிட்டனில் ஸ்டாண்டர்டு பழைய முறைக்குத் திரும்பியது: தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய துண்டு துண்டான உடம்பு. மூக்கு முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே பானெட்டாக முன்பக்கம் சாயும். திறந்து வைத்தால் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு 948 சிசி எஞ்சினில் வேலை பார்க்கலாம். அங்கே பற்றாக்குறையில் பிறந்த அமைப்பு இங்கே வசதியாகிவிட்டது. ஒரு பக்கம் நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி டிங்கரிடம் கொடுத்துத் தட்டி வாங்கிவிடலாம். ஒப்பீட்டுக்கு எனக்கு வேண்டியிருக்கிற சொல்லை இங்கிருந்துதான் எடுக்கிறேன்: கை போகிற வண்டி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டு கதவு ஹெரால்டு இங்கத்திய குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. புடவை கட்டிய பெண்மணி முன்சீட்டை மடக்கிக்கொண்டு பின்னால் ஏறவேண்டும் என்றால் எப்படி? வண்டலூரில் நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. மிக்கேலோட்டியின் பக்கவாட்டுக் கோட்டைக் குறுக்கே வெட்டி அதில் இன்னொரு கதவைத் தொங்கவிட்டார்கள். அழகியல் ரீதியாகக் குற்றம் சொல்ல இடம் இருக்கலாம். என் வாசிப்பில், மாமல்லபுரத்துத் தச்சன் ஓலைக்கூரையைக் கல்லுக்குக் கொண்டுபோனதற்குப் பக்கத்தில் வருகிற செயல் இது. கிடைத்த வடிவத்தை நம் தேவைக்குத் திருத்தி எழுதுவது. இதைத் தழுவல் என்று தாழ்த்திப் பேசுகிறவர்கள் கம்பனையும் அப்படியே பேசட்டும்.

அதே காலத்தில் ஹெரால்டும், துரின் நகரத்தின் இன்னொரு வண்டியான ஃபியட் 1100-உம் சோழவரத்தில் பந்தயம் ஓடின. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை அதுதான் களம். எஞ்சின் ஹெட்டைத் தேய்த்து, கார்புரேட்டரை மாற்றி, சீட்டைப் பிடுங்கி எறிந்து, குடும்பக் காரைப் பந்தயக் கார் ஆக்கினார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்பது இங்கே செய்துகொள்கிற பொருளாக இருந்தது.

ஹெரால்டின் மறுவடிவமான கெசல் 1972 முதல் 1977 வரை வந்தது. அதன்பின் சில ஆண்டு இடைவெளி விட்டு, 1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. அதை வடிவமைத்த டேவிட் பாஷ், 1968இல் வந்த ஃபெராரி 365 ஜி.டி.பி/4 காரை, டேடோனா என்று ரசிகர்கள் அழைக்கிற அந்தக் காரை, மனதில் வைத்துத்தான் முகப்பை அமைத்தார். பினின்ஃபரினாவில் லியொனார்டோ ஃபியொராவந்தி போட்ட கோட்டின் நிழல் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. ரோவரின் பெரிய வகையில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. வண்டலூரில் அதற்குள் வைத்ததோ 1940களின் இறுதியில் வந்த வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி எஞ்சின். அதே எஞ்சின் குடும்பம் பெர்குசன் டிராக்டரிலும் ஓடியிருக்கிறது. ஃபெராரி முகம், டிராக்டர் நெஞ்சு. லம்போர்கினியே டிராக்டர் செய்து பிழைத்த ஆள்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 1948இல் டிராக்டர், 1963இல்தான் கார். ஆனால் அவர் டிராக்டர் எஞ்சினை ஸ்போர்ட்ஸ் காரில் வைத்து விற்கவில்லை.

மாருதி ஏற்கெனவே வந்துவிட்டிருந்த சந்தையில், விலை அதிகமான, பெட்ரோல் குடிக்கிற, முகத்துக்கு ஏற்ற ஓட்டம் இல்லாத அந்தக் கார் நிற்கவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது.

கூன்டாச்சையும் ஸ்டாண்டர்டு 2000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று பழைய முகம், புதிய நெஞ்சு. மற்றது புதிய முகம், பழைய நெஞ்சு. ஒன்றை மரபு என்று கொண்டாடுகிறோம், மற்றதைப் புது மொந்தையில் பழைய கள் என்று சிரிக்கிறோம். தர்க்கம் ஒன்றேதான்: முகத்தை விற்பது. முதல் உலகத்தில் செய்தால் அது அஞ்சலி, வண்டலூரில் செய்தால் அது ஏமாற்று. இந்த இரட்டை அளவுகோலை ஒப்பீட்டுக் கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை. நான்கு கதவு ஹெரால்டு இரண்டிலும் சேராது. நெஞ்சும் முகமும் பழையதாகவே இருக்க, உடம்பில் ஒரு புதிய வழி திறந்தது அது.

5

கை போகிற வண்டி என்று பேசினால் உடனே ஒரு மறுப்பு வரும்: இது பழசுக்கு ஏங்குகிற பேச்சு. மறுப்பில் நியாயம் இருக்கிறது.

ஹெரால்டின் பின் அச்சு வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரத்தை உள்ளே மடக்கும். உயிருக்கு ஆபத்தான அமைப்பு. கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டிய காலம் அது. அப்படி வாங்கியவர்கள் யார் என்பதும் தெரிந்ததே. 1974 கூன்டாச்சைச் சீர்செய்ய எந்தத் தெருமுனைப் பட்டறையாலும் முடிந்திருக்காது. அதுவும் பணக்காரன் பொம்மைதான். பட்டறை ஞானம் என்று நாம் உருகுவதற்குப் பின்னால் ‘பையன்’ என்று கூப்பிடப்பட்ட சிறுவர்கள் இருந்தார்கள். டியூபில் வாய் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சவும், வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் முகத்தில் சொட்டச் சொட்ட போல்ட் கழற்றவும் அவர்கள்தான் அனுப்பப்பட்டார்கள். அறிவு கைவழியாக இறங்கியது உண்மை. அடியும் அதே வழியாகத்தான் இறங்கியது.

யாருடைய கை என்ற கேள்வியை விட்டுவிட்டுக் கையைக் கொண்டாட முடியாது என்பதற்கு, ஓடுகிற தேரே சாட்சி. மாமல்லபுரத்து ரதம் போலன்றி ஊர்த்தேர் ஒவ்வொரு தலைமுறையும் உறுப்பு மாற்றிக்கொண்டு ஓடுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. யாரும் மரபு கெட்டது என்று அழவில்லை. பழையதும் புதியதும் சண்டையில்லாமல் சேர்ந்து ஓடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் தலித்துகள் 1990களின் இறுதியில் வடம் பிடிக்க உரிமை கேட்டபோது தேர் சிக்கலுக்குள்ளானது, பிறகு பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024இல்தான் மறுபடி ஓடியது. கை போகிற வண்டியிலும் சில கைகள் போகக்கூடாது என்று வைத்திருந்தோம்.

ஆகவே பழையது திறந்தது, புதியது மூடியது என்ற சுலபமான எதிர்நிலை நிற்காது. நான் சொல்லவருவது இதுதான்: பழைய வண்டியில் திறப்பும் மூடலும் கண்ணுக்குத் தெரிந்தன. யார் கை உள்ளே, யார் கை வெளியே என்று சண்டை போட இடம் இருந்தது. புதிய வண்டியில் எஞ்சினின் மேல் பிளாஸ்டிக் மூடி, மூடிக்குக் கீழே மென்பொருள். கம்பெனியின் கம்ப்யூட்டர் இல்லாமல் கோளாறு என்னவென்றே தெரியாது. வாங்கியவனின் கைக்கே அது எட்டாது என்பதால் யாருக்கும் அது அநியாயமாகவும் படுவதில்லை. எல்லோருக்கும் மூடியதைச் சமத்துவம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

6

வண்டலூர் பக்கத்து அந்தத் தொழிற்சாலை நிலத்தில் இன்று மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தெற்கே மறைமலை நகரில் 1990களில் வந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டு இந்த இரண்டு மூடலையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. வரும் கார்களும் போகும் கார்களும் தலைமுறை எண்ணோடு வருகின்றன: இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை. அவற்றைப் பூட்டிய மனிதர்களின் தலைமுறைக்கு எண் கிடையாது. அப்பா வெல்டிங் கற்றுக்கொண்ட இடம் மூடப்பட்டபின் மகன் என்ன கற்றுக்கொள்வது என்பது எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் ஒரு கட்டமாக வருவதில்லை.

தலைமுறை என்ற சொல் மனிதர்களுடையது. அதைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டு போய்க் கார்களுக்குச் சூட்டின. கார்களுக்கு வாரிசு உண்டு, வம்சம் உண்டு, மூதாதையின் கூரைப்பள்ளம் உண்டு என்று நம்புகிற அளவுக்கு நாமும் வாசிக்கப் பழகிவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இத்தாலிய வண்டிகள், ஒன்று பழையது, ஒன்று புதியது, அடுத்தடுத்து போகக்கூடும். எது வேகம், எது அழகு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விமர்சனம் கேட்கவேண்டியது வேறு. இதில் எந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது, எந்தக் கோடு வெறும் தழும்பு? எதைத் திறந்தால் ஒரு பையன் அடிவாங்காமல் எதையாவது கற்றுக்கொள்வான்? நம் மாவட்டத்தில் செய்யப்படுகிற அடுத்த வண்டியைப் பார்த்தும் இதே கேள்விகளைக் கேட்கத் துணிய வேண்டும்; நான்கு கதவு ஹெரால்டில் ஒருமுறை கோட்டை வெட்டிய கைகள் இந்தச் சாலையில்தான் இருந்தன.